கொண்டைக்கு ஒரு ஹூட்

எங்கள் அண்ணி உஷாராணிக்கு ஏதாவது ஒன்றில் ஆசை விழுந்துவிட்டால் வீட்டில் யாருக்கும் சோறு நிம்மதியாக இறங்காது. அவளே கேள்வி கேட்பாள், அவளே பதில் சொல்வாள். நடுவே என் தட்டில் இருக்கும் அப்பளத்தை எடுத்துத் தின்றுவிட்டு, "நீ ஏன்டி சரியாவே சாப்பிட மாட்டேங்கிற?" என்று என்னையே கேட்பாள். போன வருஷம் அவள் ஆசைப்பட்டது நகைக்கும் இல்லை, சேலைக்கும் இல்லை. ஒரு வண்டிக்கு. அதுவும் ரோட்டில் ஓடாத வண்டிக்கு.

அண்ணி என்கிறேனே தவிர, அவளும் நானும் கிள்ளானை ஒட்டிய பண்டமாரானில் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். என் அண்ணன் சுகுமாறனைக் கட்டிக்கொண்டாள், ஒரே நாளில் எனக்குப் பெரியவள் ஆகிவிட்டாள். கூப்பிடுவது அண்ணி என்று, பேசிக்கொள்வது வா போ என்று. நான் மலர்விழி. இரண்டு பேருக்கும் துறைமுகத்துப் பக்கம் ஒரு பெரிய கிடங்கில் பேக்கிங் பிரிவில் வேலை. ஒரே மோட்டார் சைக்கிளில் போவோம், வருவோம். ஓட்டுவது அவள்தான். என்னை ஓட்டவிட மாட்டாள்.

கப்பலில் உறைந்து வரும் ஆட்டிறைச்சி, மீன், வெட்டிய உருளைக்கிழங்கு எல்லாம் எங்கள் கிடங்கில்தான் இறங்கும். அதனால் கிடங்கில் பெரும்பாதி கோல்ட் ரூம். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். அந்தத் தடித்த கதவைத் தாண்டினால் மைனஸ் இருபத்தைந்து டிகிரி, மூக்குக்குள் இருக்கும் முடிகூட விறைத்துவிடும். அதற்குள் ஓடுகிற வண்டிக்கு ரீச் டிரக் என்று பேர். சரக்கு அடுக்கிய பேலட் என்கிற பலகைத் தட்டைத் தூக்கிக்கொண்டு, கூரையைத் தொடும் உயரத்தில் இருக்கிற ரேக்கில் சொருகிவிட்டு வரும். சந்து ரொம்பக் குறுகல். அதனால் ஓட்டுகிறவர் பக்கவாட்டில் உட்கார்ந்து, இப்படியும் அப்படியும் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும். ஓட்டுவதெல்லாம் ஆண்கள்தான்.

அந்த வண்டியைத்தான் எங்கள் அண்ணி பேக்கிங் மேசையில் நின்றபடி வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை டேப் ஒட்டும், கண் வண்டியில் இருக்கும். "பாரு பாரு, வளைக்கிறான் பாரு, தப்பா வளைக்கிறான்" என்று என் விலாவில் இடிப்பாள். என் அண்ணன் லோரி ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் காலி மைதானத்தில் அவளை லோரியைப் பின்னால் எடுக்கவிடுவார். அவரைவிட இவள் நேராக எடுப்பாள். அதை அவரே ஒத்துக்கொள்வார், மற்றவர்கள் முன்னால் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டார். கடைசியில் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய் ரீச் டிரக் பயிற்சி எடுத்து லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். கோல்ட் ரூமுக்கு ஓட்டுநர் வேண்டும் என்று கிடங்கில் அறிவிப்பு ஒட்டிய அன்றே பேர் கொடுத்தாள். அன்று சாயங்காலமே பத்துமலை முருகன் கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டாள்.

"முருகா, அந்த வண்டியை எனக்குக் குடு. என் முடியை உனக்குக் குடுத்துடுறேன்."

பக்கத்தில் கும்பிட்டுக்கொண்டிருந்த நான் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தேன். உஷாராணியின் முடி சாதாரண முடி இல்லை. பின்னலை அவிழ்த்துவிட்டால் இடுப்பைத் தாண்டும். கொண்டை போட்டால் ஒரு தேங்காய் அளவுக்கு நிற்கும். கல்யாண வீடுகளில் சவுரியா என்று தொட்டுப் பார்த்துவிட்டு வெட்கப்பட்டுப் போன பெண்கள் உண்டு. "ஏன்டி, பால்குடம் எடுக்கிறேன்னு சொல்லியிருக்கலாம்ல?" என்றேன். "பெருசா கேட்டா பெருசாத்தான் குடுக்கணும்" என்றாள்.

சோதனை நாள் வந்தது. கோல்ட் ரூம் சூப்பர்வைசர் கிரிதரன். யாழ்ப்பாணத்துக் குடும்பம். எவ்வளவு கோபம் வந்தாலும் 'ங்கோ' போட்டுத்தான் திட்டுவார். மேல் ரேக்கிலிருந்து ஒரு பேலட்டை இறக்கி, சந்து வழியாகப் பின்னால் எடுத்து, வாசல் கோட்டில் கொண்டுவந்து வைக்க வேண்டும். அவ்வளவுதான் சோதனை. அண்ணிக்கு இது தூக்கத்தில்கூட வரும்.

நல்ல காரியத்துக்குப் போகிறவள் எண்ணெய் வைத்துப் படிய வாராமல் போவாளா? காலையில் குளித்து, உள்ளங்கை நிறையத் தேங்காய் எண்ணெய் எடுத்துத் தலையில் வைத்து அழுத்தி, ஒரு முடிகூடப் பிசிறாமல் இறுக்கிக் கொண்டை போட்டுக்கொண்டு வந்தாள். நான்தான் பின்னாலிருந்து சரிபார்த்தேன். "கும்முனு இருக்கு" என்று சொன்ன வாய் என்னுடையதுதான்.

கம்பெனி கொடுக்கும் குளிர்ச் சட்டையோடு தலையை மூடும் ஹூட் சேர்ந்தே இருக்கும். அதைத் தைத்தவர்கள் ஒட்ட வெட்டிய ஆண் தலையை நினைத்துத் தைத்திருக்கிறார்கள். அண்ணி மாட்டியதும் பின்னால் கொண்டை முட்டி, முன்பக்கம் புருவத்துக்கு இறங்கிவிட்டது. மேலே தள்ளினாள், திரும்ப இறங்கியது. அப்படியே ஏறி உட்கார்ந்தாள். கதவில் இருக்கும் சின்னக் கண்ணாடி வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பேலட்டை இறக்கியது அழகு. பின்னால் எடுக்கத் தலையைத் திருப்பினாள் பாருங்கள், தலை திரும்பியது, ஹூட் திரும்பவில்லை. அவள் கண்ணுக்கு முன்னால் சந்தும் இல்லை, ரேக்கும் இல்லை, ஹூட்டின் உட்புறத் துணிதான். ரேக்கின் காலில் டங்கென்று ஒரு சத்தம்.

யாருக்கும் அடி இல்லை, சரக்கும் விழவில்லை. ஆனால் வண்டியை நிறுத்திவிட்டு வெளியே வந்து ஹூட்டைத் தள்ளினவளைப் பார்த்து அத்தனை பேரும் வாயைப் பிளந்தார்கள். தலை முழுக்க வெள்ளை! ஏர்கான் அறையில் வைத்தாலே கட்டியாகிற சாமான் தேங்காய் எண்ணெய். மைனஸ் இருபத்தைந்தில் விட்டால் சும்மா இருக்குமா? கொண்டை கல் மாதிரி இறுகிப் போயிருந்தது. எங்கள் பிரிவில் இருக்கும் அமுதவள்ளி அக்கா, "உள்ள போனது மருமகள், வெளிய வந்தது மாமியார் லா!" என்றார். கிடங்கே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிரிதரன் சிரிக்காமல்தான் பேசினார். "உஷா, நீங்கள் வண்டி நல்லாத்தான் ஓட்டுறீங்கள். ஆனா பின்னுக்கு என்ன இருக்கெண்டு தெரியாமல் ஓட்டினா ஒருநாள் ஆரையாவது இடிச்சுப் போடுவீங்கள். இன்னொரு சான்ஸ் தாறன், அடுத்த வெள்ளிக்கிழமை. அதுக்குள்ள முடியைக் கட்டையா வெட்டுங்கோ. இல்லாட்டி பேக்கிங்கிலயே இருங்கோ. உங்கட விருப்பம்."

நியாயமான பேச்சுதான். ஆனால் அந்த மனிதருக்குத் தெரியாத சங்கதி ஒன்று இருந்ததே! அன்று வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே அண்ணி விஷயத்தைச் சொன்னாள். முடியை வெட்டினால்தான் வண்டி. வண்டி கிடைத்தால்தான் முடியை எடுக்க வேண்டும். என் அண்ணன் கையை நக்கியபடி யோசித்தார்.

"அப்போ இப்பவே போய் மொட்டை போட்டுரு. முருகனுக்கு அட்வான்ஸா குடுத்த மாதிரி."

"வேலை கிடைக்கலன்னா? முடியைத் திருப்பித் தருவாரா?"

"சரி, சலூன்ல பாதி வெட்டிக்க. மீதியை அவருக்குக் குடு."

"என்னங்க பேசுறீங்க? சாமிக்குச் சொல்லி வச்ச முடி. அதுல சலூன்காரன் கத்தரி வைக்கிறதா?" அண்ணிக்குக் கோபம் வந்தால் மூக்குத்தி நன்றாகத் தெரியும். "வேண்டியது வேண்டியதுதான். முடி இருக்கும். வண்டியும் ஓட்டுவேன். ரெண்டுக்கும் வழி பண்றேன்."

பின்னலைப் போட்டுச் சட்டைக்குள் விட்டுப் பார்த்தோம். தலையைத் திருப்பினால் காலரில் மாட்டிச் சுண்டி இழுத்தது. கம்பளிக் குல்லா போட்டுப் பார்த்தோம். கொண்டை அதை மெல்ல மெல்ல மேலே தள்ளி, கடைசியில் குல்லா கழன்று விழுந்தது. எனக்கு அலுத்துவிட்டது. "விடு அண்ணி, பேக்கிங்கில் என்ன குறைச்சல்?" என்று சொல்லிவிட்டேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, விழுந்த குல்லாவை எடுத்துத் திரும்பத் தலையில் மாட்டினாள்.

மறுநாள் பேக்கிங் மேசையில் நின்றவள் திடீரென்று என் கையைப் பிடித்து அழுத்தினாள். நகம் பதிந்துவிட்டது. "மலரு, ரோஹானாவைப் பாரேன்!"

ரோஹானா எங்களோடு வேலை செய்யும் மலாய்க்காரப் பெண். தலையையும் கழுத்தையும் மூடித் துடோங் கட்டியிருப்பாள். பார்த்தேன். டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். இதில் பார்க்க என்ன இருக்கிறது?

"அவ தலையைத் திருப்புறா, துடோங்கும் கூடவே திரும்புது. ஒரு இழை நகரல. அவளுக்கும் உள்ள கொண்டை இருக்குடி!"

அடுத்த ஓய்வு நேரத்தில் ரோஹானாவைக் கையோடு பெண்கள் கழிப்பறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். "காக், தெங்கோக் சிகிட்!" என்று கும்பிடாத குறையாகக் கேட்டாள், கொஞ்சம் காட்டேன் என்று. அவளும் சிரித்துக்கொண்டே துடோங்கைக் கழற்றி, அதற்குள் போடும் இறுக்கமான உள்குல்லாவைக் காட்டினாள். அது தலையோடு ஒட்டியிருந்தது. பின்னால் கொண்டையை வளைத்துப் பிடித்திருந்தது. சட்டையோடு அதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. அண்ணி அதைத் தடவித் தடவிப் பார்த்தாள். எங்கே தையல், எங்கே எலாஸ்டிக் என்று விரலாலேயே படித்தாள். வெளியே வரும்போது அவள் நடக்கவில்லை, குதித்தாள்.

"கம்பெனிக்காரன் ஹூட்டைச் சட்டையில தச்சு வச்சிருக்கான். சட்டை திரும்பினாத்தான் ஹூட் திரும்பும். நான் தலையில மாட்டுற மாதிரி தைக்கிறேன். கொண்டைக்குத் தனியா ஒரு பை வச்சுட்டா, அதுவே ஹூட்டைப் பிடிச்சுக்கும். கொண்டைதான்டி ஆணி!"

அன்று மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வரவில்லை. நேராகக் கிள்ளான் டவுனுக்குப் போனோம், பழைய துணி மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் பண்டல் கடைக்கு. பனி பெய்கிற ஊர்களில் யாரோ போட்டுக் கழித்த கோட்டுகள் அங்கே மலிவாகத் தொங்கும். இந்த வெயிலில் அவற்றைச் சீண்டுவார் இல்லை. அண்ணி ஒவ்வொரு கோட்டாகத் தலையில் போட்டுப் போட்டுப் பார்த்தாள். கடைக்காரப் பையன் பொறுத்துப் பார்த்துவிட்டு, "கெந்திங் மலைக்கா போறீங்க அக்கா?" என்றான். "அதைவிடக் குளிரான இடத்துக்கு" என்று சொல்லி, கருநீலத்தில் ஒன்றை அள்ளிக்கொண்டாள். வெளியே தண்ணீர் ஒட்டாத துணி, உள்ளே பூனைக்குட்டி மாதிரி மெத்தென்ற துணி. வரும் வழியெல்லாம் அதை என் மடியில் வைத்துக்கொண்டு வேர்த்து வழிந்தேன்.

தையல் அவளுக்குப் புதிது இல்லை. எங்கள் தெருவில் பாதிப் பெண்களுக்கு பிளவுஸ் தைப்பவள் அவள்தான். சாப்பாட்டு மேசையில் மிஷினை ஏற்றிவைத்தாள். பழைய நாளிதழை விரித்துத் தன் தலையைச் சுற்றி வைத்துப் பேனாவால் கோடு போட்டாள். இடது பக்கத்துக்கு ஒரு துண்டு, வலது பக்கத்துக்கு ஒரு துண்டு, நெற்றியிலிருந்து பிடரி வரை நடுவே நீளமாக ஒரு பட்டை. கழுத்துக்குக் கீழே பாவாடை மாதிரி விரிய விட்டாள், சட்டைக்குள் செருகிக்கொள்ள. கொண்டை வருகிற இடத்தில் கொஞ்சம் யோசித்தாள். அப்புறம் சிரித்துவிட்டாள்.

"இது என்ன பெரிய கஷ்டம்? பிளவுஸுக்கு டாட் பிடிக்கிறதில்லையா? அங்க முன்னால, இங்க பின்னால."

எடுத்த எடுப்பில் அந்தக் கருநீலக் கோட்டுத் துணியில் கத்தரி வைக்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. முதலில் பழைய ஜன்னல் திரையை வெட்டி ஒன்று தைத்துப் பார்த்தாள். மாட்டிக்கொண்டு, "எப்படி இருக்கு?" என்று கேட்க வாயைத் திறந்தாள். தாடை இறங்கியதும் ஹூட் நெற்றியிலிருந்து வழுக்கிப் பின்னால் போய்விட்டது. வாயை மூடினால் சரியாக நின்றது. திறந்தால் போயிற்று.

"வாயை மூடிக்கிட்டு ஓட்டேன் அண்ணி" என்றேன்.

"அது அவளால முடியாது, வேற வழி பாருங்க" என்றார் என் அண்ணன், தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தாடைக்குக் கீழே இரண்டு விரல் துணி கூட்டினாள். முகத்தைச் சுற்றி எலாஸ்டிக் வைத்தாள். நாடா வைக்கவில்லை. தொங்குகிற கயிறு எதுவும் வண்டியில் ஆகாது, மாட்டிக்கொண்டால் கழுத்துக்கே ஆபத்து என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அதனால் பக்கத்தில் ஒட்டிப் பிரிக்கிற பட்டை. திரைத் துணி ஹூட் சரியாக வந்ததும்தான் கருநீலக் கோட்டை மேசையில் விரித்தாள். கத்தரியைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "வெட்டுறேன்டி" என்றாள். நான் துணியின் ஓரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

இரண்டு துணி சேர்ந்த தடிப்பில் சாதாரண ஊசி பட் பட்டென்று ஒடிந்தது. ஜீன்ஸ் தைக்கிற ஊசி வாங்க ஓடினேன். ஓடினேன் என்றால் நிஜமாகவே ஓடினேன். கடைத்தெரு ஆட்கள் என்னமோ ஏதோ என்று திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அந்த வாரம் அப்படி ஒரு காய்ச்சல். என் அண்ணன்கூட லோரியை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் நுழையும்போது, "கொண்டை ஆச்சா?" என்றுதான் கேட்டார். கொண்டைப் பையின் உட்புறத்துக்கு ஒரு மஞ்சள் பட்டு பிளவுஸ் துண்டை வைத்துத் தைத்தாள். "உள்ள யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன். "எனக்குத் தெரியும்ல" என்றாள்.

தைத்தாயிற்று. கிள்ளான் வெயிலில் அதை எப்படிச் சோதித்துப் பார்ப்பது? தெருமுனையில் பக்கிரிசாமி அங்கிளின் மளிகைக் கடை. வாசலில் ஐஸ்கிரீம் வைக்கிற நீளப் பெட்டி. அண்ணி ஹூட்டை மாட்டிக்கொண்டு போய், "அங்கிள், கொஞ்சம் தொறக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, மூடியைத் தள்ளித் தலையை உள்ளே விட்டுவிட்டாள். ஐஸ்கிரீமுக்கு நடுவே தலை இடது பக்கம் திரும்புகிறது, வலது பக்கம் திரும்புகிறது. பால் வாங்க வந்த ஒரு ஆன்டி அலறிவிட்டார்.

"என்னம்மா, உள்ள என்ன தேடுற?" என்றார் பக்கிரிசாமி அங்கிள்.

"காது குளிருதான்னு பாக்குறேன் அங்கிள்!" என்று பெட்டிக்குள்ளிருந்து குரல் வந்தது. "குளிரல! மலரு, குளிரவே இல்லடி!"

அதன் பிறகு எங்கள் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் பக்கவாட்டில் போட்டு உட்கார்ந்தாள். நான் பின்னால் நின்று விரலைக் காட்ட வேண்டும், அவள் தலையை மட்டும் திருப்பிச் சொல்ல வேண்டும். இந்தப் பக்கம் இரண்டு விரல், அந்தப் பக்கம் நான்கு விரல். சட்டை நின்ற இடத்தில் நின்றது. ஹூட் தலையோடு போனது, தலையோடு வந்தது. கொண்டை உள்ளே இருந்து கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அக்கம்பக்கத்தார் வந்து வேலியில் சாய்ந்து பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் அவள் சரியாகச் சொன்னதும் கை தட்டினார்கள். எதற்குத் தட்டுகிறோம் என்று பாதிப் பேருக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை வந்தது. எண்ணெய் பாட்டில் பக்கமே போகவில்லை. உலர்ந்த முடியை இறுக்கி முறுக்கி, கொண்டை ஊசி குத்தி, அதன்மேல் ஹூட்டை ஏற்றி, ஹூட்டின் பாவாடை விரிப்பைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு நின்றாள். கம்பெனி ஹூட்டைப் பின்னால் சுருட்டி விட்டிருந்தாள். கிரிதரன் சுற்றி வந்து பார்த்தார். இழுத்துப் பார்த்தார். கயிறு ஏதாவது தொங்குகிறதா என்று தேடினார்.

"வீட்டில தைச்சதா?"

"ஆமா சார்."

"முடி வெட்டேல்லையோ?"

"இல்ல சார். ஓட்டிக் காட்டுறேன் சார், பாருங்க."

அவர் பெருமூச்சு விட்டார். கையைக் கதவுப் பக்கம் காட்டினார்.

கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றேன். எனக்குப் பின்னால் அமுதவள்ளி அக்கா, அவருக்குப் பின்னால் ரோஹானா, இன்னும் பேக்கிங் பெண்கள் எல்லோரும். என் மூச்சில் கண்ணாடி மங்க மங்கத் துடைத்துக்கொண்டே இருந்தேன். கருநீல ஹூட் உள்ளே போனது. முட்கரண்டி மாதிரி நீண்ட வண்டியின் இரும்புக் கை மேலே ஏறியது. பேலட்டுக்கு அடியில் நுழைந்தது, தூக்கியது, இறக்கியது. இதுவரை போன தடவையும் நன்றாகத்தான் வந்தது. இனிமேல்தான் இருக்கிறது. அவள் திரும்பினாள். ஹூட் அவளோடு திரும்பியது. நான் அவள் கண்களைப் பார்த்தேன், முழுசாக, இரண்டு கண்களையும். வண்டி பின்னால் வருகிறது, ரேக்குக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி, அது கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வலது பார்க்கிறாள், இடது பார்க்கிறாள், வளைக்கிறாள். வாசல் கோட்டில் பேலட்டை வைத்தபோது, தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி வைத்தாள். நான் கத்தின கத்தலில் அமுதவள்ளி அக்கா காதைப் பொத்திக்கொண்டார்.

கிரிதரன் அவளிடம் போய்க் கை கொடுத்தார். அதோடு விட்டிருக்கலாம். ஹூட்டைக் காட்டி, "இதைக் கொண்டையெல்லோ பிடிச்சு வச்சிருக்கு? நல்ல மூளை. திங்கட்கிழமை வாங்கோ, வண்டி உங்களுக்குத்தான். ஒண்டு சொல்லுறன், இனி அந்த முடியை வெட்டிப் போடாதேயுங்கோ!" என்றார்.

அண்ணியின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. என் முகத்திலும்தான். அந்த ஒரு வாரம் தைக்கிற மும்முரத்தில், ஜெயித்தால் என்ன ஆகும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் மறந்தே போய்விட்டது. வண்டி கிடைத்துவிட்டது. அப்படியானால் முடி போகப்போகிறது.

வீட்டில் அண்ணன் சமாதானம் பேசினார். "தைப்பூசத்துக்கு எடுத்துக்கலாம் உஷா. இல்ல, அடுத்த வருஷம். முருகன்கிட்ட கொஞ்சம் டைம் கேட்டுக்குவோம். ஹூட் வேற அந்தக் கொண்டைக்குத்தானே தைச்சிருக்க?"

"நான் கேட்டப்ப அவர் டைம் கேட்டாரா?" என்றாள் அண்ணி. 

ஞாயிற்றுக்கிழமை காலை பத்துமலை. நாவிதர் கொண்டையைப் பிரித்ததும் முடி தரையில் உட்கார்ந்திருந்த அவள் முதுகில் சரிந்து தரையைத் தொட்டது. அவர்கூட ஒரு கணம் கத்தியை அப்படியே வைத்துக்கொண்டு, "நெசமாவே எடுக்கணுமாம்மா?" என்று கேட்டார். "எடுங்கண்ணே, சீக்கிரம் எடுங்க. நாளைக்கு வேலை இருக்கு" என்றாள். அழுதது நான்தான். கோபமாக அழுதேன். யார் மேல் கோபம் என்று தெரியாமல் அழுதேன். அவள் மொட்டைத் தலையில் சந்தனத்தைப் பூசிக்கொண்டு, தடவிப் பார்த்துவிட்டு, "ஜில்லுன்னு இருக்குடி!" என்று சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஹூட்டை மாட்டினாள். நான் பயந்தபடியே ஆயிற்று. கொண்டைப் பை பின்னால் காலியாகத் தொங்கியது. தலையைத் திருப்பினாள், தலை போனது, ஹூட் போகவில்லை. ஹூட்டின் ஓரம் அவள் ஒரு கண்ணை மறைத்துக்கொண்டு நின்றது. திங்கட்கிழமை காலையில் வண்டி. என்னால் தாங்க முடியவில்லை. "அந்தப் பையை வெட்டி எறிஞ்சுட்டு ஒட்டத் தைச்சுடு" என்று கத்தரியை எடுத்து நீட்டினேன்.

என் கையைத் தட்டிவிட்டாள்.

"வெட்டாதே. இந்தத் துணியில ஒரு நூலைக்கூட வெட்டாதே."

சந்தனம் காய்ந்து வெடித்த தலையோடு மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். கொண்டைப் பையை உள்பக்கமாக மடித்தாள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குப் பினாஃபோர் தைக்கும்போது, வளருவாளே என்று ஓரத்தை நிறைய உள்ளே மடித்து வைப்போம் இல்லையா, அந்த மாதிரி ஒன்றுக்குள் ஒன்றாக மடிப்பு மடிப்பாக வைத்தாள். பெரிய பெரிய தையலாக, நகத்தால் நெம்பினாலே பிரிகிற மாதிரி ஓட்டினாள். மாட்டிப் பார்த்தாள். மொட்டைத் தலையோடு கச்சிதமாக ஒட்டிக்கொண்டது. இடது பக்கம் திரும்பினாள், வலது பக்கம் திரும்பினாள். நான் கேட்காமலேயே விரலைக் காட்டினேன், அவள் சரியாகச் சொன்னாள்.

"மாசத்துக்கு ஒரு மடிப்பா பிரிச்சுவிடலாம்" என்றாள், கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டு. "முடி அதுபாட்டுக்கு வளரட்டும் மலரு. நான் அதுவரைக்கும் வண்டி ஓட்டிக்கிட்டு இருக்கேன்."